லூஸ்: இறுக்கமில்லாத ஒரு சொல்

செல்போனில் ஆங்கிலச் செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. “எ டைகர் இஸ் ஆன் த லூஸ்...”

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். “ஏண்டி, புலிகூடவா லூசாயிடுச்சு?”

பேத்தி சிரித்தாள். ஆனால், பாட்டியின் சந்தேகம் நியாயமானது. நம் ஊரில் ‘லூசு’ என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது அந்த அர்த்தம்தானே! ஆங்கிலத்தில் ‘ஆன் த லூஸ்’ என்றால் தப்பி வெளியே திரிவது. கூண்டிலிருந்து தப்பிய புலிக்கும் பொருந்தும், சிறையிலிருந்து தப்பிய கைதிக்கும் பொருந்தும்.

கட்டு இல்லாதது எல்லாம் லூஸ்

இந்தச் சொல்லின் அடிப்படை அர்த்தம் ஒன்றுதான்: கட்டப்படாதது, இறுக்கம் இல்லாதது. தொளதொள சட்டை லூஸ் ஷர்ட். ஆடும் பல் லூஸ் டூத். பர்ஸில் கிடக்கும் சில்லறை லூஸ் சேஞ்ச். பாக்கெட்டில் அடைக்காமல் நிறுத்து விற்கும் டீத்தூள் லூஸ் டீ. சொல்லுக்குச் சொல் பிடிக்காமல் கருத்தை மட்டும் சொல்லும் மொழிபெயர்ப்பு, லூஸ் டிரான்ஸ்லேஷன். கிரிக்கெட்டில் பௌலர் கட்டுப்பாடில்லாமல் வீசி, பேட்ஸ்மேன் சுலபமாக அடிக்கும் பந்து லூஸ் பால்.

‘டை அப் த லூஸ் எண்ட்ஸ்’ என்றால் மிச்சம் மீதி வேலைகளை முடிப்பது. ஆனால், ‘ஐ ஆம் அட் எ லூஸ் எண்ட்’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், அவர் செய்ய வேலையின்றிச் சும்மா இருக்கிறார் என்று பொருள்.

பீரங்கி அவிழ்ந்தால்...

எப்போது என்ன செய்வார் என்றே தெரியாத, கூட இருப்பவர்களுக்கும் ஆபத்தைத் தேடித்தரும் ஆள் ‘லூஸ் கேனன்’. பழைய மரக் கப்பல்களில் சக்கரம் வைத்த பீரங்கிகளைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். புயலில் கயிறு அறுந்தால், டன் கணக்கில் எடையுள்ள பீரங்கி இங்கும் அங்கும் உருண்டு சொந்தக் கப்பலையே உடைக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1874-இல் வெளியான நாவல் ஒன்றில் இப்படியொரு காட்சியை வர்ணித்திருக்கிறார்.

‘பிளே ஃபாஸ்ட் அண்ட் லூஸ்’ என்பதில் ஃபாஸ்ட் என்றால் வேகம் அல்ல, இறுக்கம். அந்தக் காலத்துச் சந்தைகளில் மடித்த வாரையும் குச்சியையும் வைத்து ஒரு மோசடி விளையாட்டு நடக்கும். குச்சி வாரில் இறுகச் சிக்கியதுபோல் தோன்றும், ஆனால் இழுத்தால் கழன்று வரும். அதனால் வாக்கு மாறி, நம்பியவரை ஏமாற்றுவதற்கு அந்தப் பெயர்.

ஒரு ‘ஓ’ செய்யும் வேலை

தமிழில் எழுதினால் இரண்டும் ‘லூஸ்’தான். ஆங்கிலத்தில் அப்படி அல்ல. இரண்டு ‘ஓ’ போட்டால் தளர்வு. அதன் கடைசி ஒலி ‘பஸ்’ என்பதில் வருவது. ஒரே ஒரு ‘ஓ’ என்றால் இழப்பது. அதன் கடைசி ஒலி தேனீயின் ரீங்காரம்போல அதிரும். தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் ‘சூஸ்’ அதே ரீங்காரத்தோடு ஒலித்தாலும் இரண்டு ‘ஓ’ வாங்கிக்கொள்வதால்தான் பலருக்கும் குழப்பம். “உன்னை இழக்க விரும்பவில்லை” என்று ஒருவர் உருகி மெசேஜ் அனுப்பும்போது ஒரு ‘ஓ’ கூடிவிட்டால், “உன்னை அவிழ்த்துவிட விரும்பவில்லை” என்றாகிவிடும்!

கவனம் தேவை

‘லூசு’ என்று நாம் சொல்வது, ‘ஹேவிங் எ ஸ்க்ரூ லூஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் மிச்சம். ஸ்க்ரூவை விட்டுவிட்டு லூஸை மட்டும் வைத்துக்கொண்டோம். தமிழில் விளையாட்டாகச் சொல்வதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லக் கூடாது. தோழியைப் பற்றி வெளிநாட்டவரிடம் “ஷி இஸ் லூஸ்” என்றால், அவர் அதைக் கிறுக்கு என்று புரிந்துகொள்ள மாட்டார். ஒழுக்கம் கெட்டவள் என்ற பழைய வசவாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். அதேபோல, ‘லூஸ் மோஷன்’ நம் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டு டாக்டரிடம் ‘டயரியா’ என்று சொன்னால் உடனே விளங்கும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பாட்டி, “அப்போ உன் தம்பியை மூச்சுக்கு மூச்சு லூசு, லூசுன்னு கூப்பிடறியே, அது எதுல சேர்த்தி?” என்றார்.

பேத்தியிடம் பதில் இல்லை. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி.