எய்தலும் பற்றுதலும்

ஹவாய்த் தீவுகளிற் கடலுள் மூழ்கி ஈட்டியால் மீன் எய்வோர் பெரிதும் விரும்புவது ‘ஓனோ’ என்னும் மீனாகும். அந்நாட்டு மொழியில் அச்சொற்குச் ‘சுவையுடையது’ என்பது பொருள். அது மிக்க விரைவுடையது, தசையோ மெல்லியது. தண்டோடு அசையாது பொருத்திய முள்முனை பாய்ந்தவுடன் மீன் வெருண்டோடும். தசை கிழிந்து முனை கழன்றுவிடும். மீன் தப்பியது என்பர். தப்பிற்றன்று, புண்பட்டு ஆழத்திற் சாகச் சென்றது.

இதற்கு மாற்று உண்டு. உடலை ஊடுருவியபின் தண்டினின்று நீங்கி, கயிற்றோடு மறுபுறத்தே குறுக்காகத் திரும்பி நிற்கும் முனையே அது. வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்கள் பண்டே கையாண்ட இம்முறையை, நியூ பெட்போர்டு நகரத்துக் கொல்லர் லூயிஸ் டெம்பிள் 1848இல் இரும்பினாலாகிய திமிங்கில எறியுளியில் (சொல் குறுந்தொகையினது) அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற்றாரல்லர். இம்முனையோடு, நீண்டு சுருங்கும் ரப்பர்க் கயிறும் மிதவையும் சேரின், மீனின் முதலோட்டத்து வேகம் தசையைக் கிழியாது தணியும்.

குறி பிழையாதார்க்கு இவையெல்லாம் வேண்டா என்பர் சிலர். முள்ளந்தண்டைத் துளைப்பின் அது மெய்யே. ஆயினும் விரைந்தோடும் மீனில் அவ்விடம் எத்துணை முறை வாய்க்கும்? ஆதலின் இக்கருவிகள் இல்லாதான் ஓனோவை எய்யாது விடுக, அது எத்துணை அணுக்கத்தே வரினும்.