தீவில் குடியேறலாமா?

உழைத்து ஓய்ந்த பிறகு ஒரு சின்னத் தீவில் போய் இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தென்னந்தோப்பு, கடற்காற்று, வாடகை குறைந்த வீடு, கையில் இருக்கும் பணத்தில் கவலையில்லாத வாழ்வு! ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. பட்டணத்துப் புகையும் இரைச்சலும் யாருக்குத்தான் பிடிக்கிறது?

ஆனால் இப்படி ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். “செலவு குறைவா? திருட்டுப் பயம் இல்லையா?” இந்த இரண்டும் போதா. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. “ஆபத்து வந்தால் எப்படி வெளியேறுவது? வெளியேறி எங்கே போவது?” முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது நம் கருத்து.

மான்செராட் சொல்லும் பாடம்

கரிபியன் கடலில் மான்செராட் என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. பச்சைப் பசேல் என்ற மலை, அமைதியான ஜனங்கள். 1960-ம் ஆண்டுகளிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வு பெற்ற பலர் அங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

1989 செப்டம்பரில் ‘ஹியூகோ’ புயல் வந்தது. சேதமடையாத வீட்டைக் காண்பது அரிதாயிற்று. ஜனங்கள் மனம் தளராமல் திரும்பக் கட்டினார்கள். 1995 ஜூலையில், நூற்றாண்டுக்கணக்கில் தூங்கிக் கிடந்த எரிமலை விழித்துக்கொண்டது. 1997 ஜூனில் அது கக்கிய நெருப்புச் சாம்பலில் 19 பேர் மாண்டார்கள். தலைநகரான பிளிமத் புதைந்தே போயிற்று. தீவின் தென்பகுதியில் இன்றும் குடியிருக்க அனுமதி இல்லை.

பத்தாயிரத்துக்கு மேல் இருந்த ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தீவை விட்டுப் போனார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு தேசம் இருந்தது. அங்கேயே பிறந்தவர்களோ பக்கத்துத் தீவுகளிலும் பிரிட்டனிலும் போய்ப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

காற்றும் தண்ணீரும்

தீவைத் தேடுகிறவர் முதலில் பூகோளப் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும் சுமார் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். பூமி சுழல்வதால் காற்றைத் திருப்பும் விசை அங்கே மிகக் குறைவு என்பதே காரணம். அதைத் தாண்டிய இடங்களில் நிலைமை வேறு. 2017 செப்டம்பரில் ‘இர்மா’ புயல் கரிபியனில் உள்ள பார்புடா தீவைத் தாக்கியது. வீடுகளில் பெரும்பாலானவை நொறுங்கின. தீவு ஜனங்கள் அனைவரையுமே பக்கத்துத் தீவான ஆண்டிகுவாவுக்குக் கொண்டுபோக நேர்ந்தது.

புயல் குறைவு என்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குழாய்த் தண்ணீர் கடல்நீரிலிருந்து எடுக்கப்படுவது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தது. லட்சம் பேருக்கு மேல் குடிநீர் இல்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் சமுத்திரம், குடிக்கத் தண்ணீர் இல்லை!

மலிவு என்பதும் இப்படித்தான். வீட்டு வாடகை மட்டும் குறைந்தால் போதுமா? அரிசி, எண்ணெய், மருந்து, சிமெண்டு எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும். கப்பல் தவறினால் கடை காலி. நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏற வேண்டும் என்றால், வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

நிலம் யாருடையது?

சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிஜித் தீவுகளில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் அதிகமான நிலம் பூர்வகுடிகளின் பொதுச் சொத்து. அதை விலைக்கு வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியார் அப்படித்தான் பயிர் செய்தார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. 30 வருஷக் குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியபோது, பல குடும்பங்கள் வியர்வை சிந்திய மண்ணை விட்டுக் கிளம்பின. நிலத்தைத் தங்கள் சந்ததிக்காகக் காப்பாற்ற நினைத்த பூர்வகுடிகளைக் குறை சொல்ல முடியுமா? ஆகவே எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது.

அப்படியானால் நல்ல தீவே இல்லையா? இருக்கிறது. பினாங்கைப் பாருங்கள். அங்கேயும் ஆபத்து வராமல் இல்லை. 2004 சுனாமியில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2017 நவம்பரில் வெள்ளம் வந்தது. ஆனால் கரையோடு இணைக்க 1985-ல் ஒரு பாலமும் 2014-ல் இன்னொரு பாலமும் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் பெரும்பகுதி பெருநிலத்து மூடா ஆற்றிலிருந்து வருகிறது. நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தமிழ் பேசும் கடைவீதியும் உண்டு. ஆனால் வெளிநாட்டார் நீண்டகாலம் தங்குவதற்கான நிபந்தனைகளை மலேசிய சர்க்கார் 2021-லும் 2024-லும் மாற்றியது. நாளையும் மாற்றலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உள்ளூர் வீட்டை உடனே விற்காதீர்கள். முதலில் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டாக்டர் எங்கே இருக்கிறார், வீடு கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று விசாரியுங்கள். திரும்பி வரும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பசிபிக் சமுத்திரத்தில் துவாலு என்ற குட்டி நாடு இருக்கிறது. கடல் ஏறி வருவதால் அந்த நாடு 2023-ல் ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வருஷத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பிறந்த மண்ணை விட்டுப் போவதற்கு அங்கே சீட்டுக் குலுக்குகிறார்கள். தீவு நமக்கு ஓய்விடம். அவர்களுக்கு அதுவே ஊர். பணத்தோடு போகிறவர்களால் அங்கே வாடகை ஏறுவதும் உண்டு. தண்ணீர் குறைவதும் உண்டு. குடியேறப் போகிறவர் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருக்கத் தீர்மானித்துக்கொண்டு போகட்டும். ஆபத்து வரும் நாளில் முதலில் கைகொடுக்க வருகிறவர் அந்த அண்டை வீட்டுக்காரர்தான்.