ஒட்டுப்பட்டையும் தசையின் வலிமையும்

விளையாட்டு வீரர்தம் காலிலும் தோளிலும் ஒட்டப்பெறும் வண்ணப் பட்டைகளைப் பலரும் கண்டிருப்பர். இழுத்தால் நீண்டு சுருங்கும் இப்பருத்திப் பட்டையை 1970-களில் ஜப்பானியரான கென்ஸோ காசே என்பார் வகுத்தளித்தார். 2008-இல் நடைபெற்ற பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. இன்று நம் நாட்டு இயன்முறை மருத்துவ நிலையங்களிலும் வழங்கி வருகிறது.

தசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் நோக்கி ஒட்டினால் தசை ஊக்கம் பெறும். எதிர்த்திசையில் ஒட்டினால் அடங்கும் என்பது இம்முறையின் கொள்கை. தோலில் எழும் உணர்வு தண்டுவடத்து இயக்க நரம்பணுக்களை மாற்றுகிறது என்பர். இக்கூற்று பொருத்தமாகத் தோன்றலாம். ஆயினும் பொருத்தம் வேறு, மெய்ப்பு வேறு.

இதனை அளந்தறிய வழியுண்டு. ஜெர்மானிய உடலியலறிஞர் பால் ஹாஃப்மன் 1910-இல் விளக்கிய அனிச்சைச் செயலே அது. முழங்காலின் பின்புற நரம்பை மின்துடிப்பால் தூண்டினால், அத்தூண்டல் தண்டுவடம் சென்று மீண்டு கெண்டைக்கால் தசையைத் துடிக்கச் செய்யும். இதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 30 மில்லி விநாடி. நரம்பணுக்கள் ஊக்கமுற்றிருப்பின் துடிப்பு பெருகும், அடங்கியிருப்பின் குறையும்.

2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இவ்வளவையைக் கையாண்டது. பட்டை ஒட்டியதும் நலமுடையோரின் கெண்டைக்காலில் துடிப்பு பெருகியது. குதிகால் தசைநாண் நோயுற்றோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. அவர்தம் வலி குறையவில்லை. ஒற்றைக்காலால் தாவும் தொலைவும் கூடவில்லை. எனவே அனிச்சைச் செயல் மாறுவது ஒன்று. நோய் தணிவது மற்றொன்று.

2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. இப்பட்டையைப் பற்றி அறியாதோரிடம், தசையின் இயக்கத்தை அளக்கும் கருவி என்று கூறி அதனைத் தொடையில் ஒட்டினர். முறைப்படி ஒட்டினும், பெயருக்கு ஒட்டினும், ஒட்டாது விடினும் தசையின் வலிமையில் வேறுபாடு இல்லை. வேறிடங்களில் காணப்பட்ட பயனில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்னும் ஐயம் இதனால் எழுகிறது.

பட்டையை முற்றும் விலக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் நோயாளியின் பொருளும் காலமும் அளவுடையன. குதிகாலை உயர்த்தி மெல்லத் தாழ்த்தும் எளிய பயிற்சிக்குச் செலவேதுமில்லை. நாள்தோறும் செய்யும் பொறுமையே வேண்டும். அப்பயிற்சியின் இடத்தைப் பட்டை கவர்ந்துகொள்ளுமாயின் இழப்பு நோயாளிக்கே. பட்டை ஒட்டும் மருத்துவர் அதன் பயன் இன்னும் ஐயத்திற்குரியது என்பதை முன்னரே நோயாளிக்கு உரைத்தல் கடமையாகும்.