பெயின்ட் கடைசி, பிரேக் முதல்

நீளமான பதிவுதான். பழைய கார் வாங்கித் திருத்த யோசிக்கும் தம்பிமார் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில், வளவு மூலையில் கோழி அடைந்து கிடந்த மொறிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் திடீரென்று மவுசு வந்தது. விலையும் ஏறியது. கூடவே 'முன்னும் பின்னும்' வீடியோக்களும் வந்தன. முப்பது செக்கனில் கறள் பிடித்த கார் கண்ணாடிபோலப் பளபளக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் படித்துவிட்டுப் போன பையன்கள் வந்து சொல்கிறார்கள்: "சேர், ஒரு மைனர் இருக்கு. டிங்கரிங் கொஞ்சம்தானாம்."

டிங்கரிங் கொஞ்சம்தான்! பழைய வாகன வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை.

மைனருக்கு லொறியைப்போலத் தனிச் சேஸி கிடையாது. பொடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில், தரைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவைதான் காரைத் தாங்குகின்றன. கறள் முதலில் தின்பதும் இவற்றைத்தான். வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையில் உப்புக்காற்று வாங்கி நின்ற கார் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஓட்டைகளில் பட்டியை அப்பி, மேலே பெயின்ட் அடித்து, 'ரெஸ்டோர் செய்தது' என்று விற்கிறார்கள். குறையை மறைத்து விற்பது எப்படிப்பட்ட வியாபாரம் என்று நம் ஆட்களுக்கு நான் ஹதீஸ் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போய் சில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டி.

இதில் வெட்கம் என்னவென்றால், இந்தக் காருக்குத் தகடு அடிக்கத் தெரியாத நாடு அல்ல இது. பிரிட்டனில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், காரை எறியாமல் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி ஓட்டலாம் என்று 1982இல் எழுதினார். அவரோடு கூட்டுச் சேர்ந்து 1990களில் இலங்கையில் மைனர் பாகங்கள் செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள். பிறந்த ஊருக்கே பாகம் அனுப்பிய கைகள் இருந்த நாட்டில், நாம் பட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது பிரேக். இந்தக் கார் 1948இல் வந்தது. நான்கு சில்லுக்கும் ட்ரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் கவனத்திலும் படுவதில்லை. முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் என்ற மரையுள்ள பாகத்துக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் மூக்குக் குப்புற விழும். மைனர் வைத்திருக்கும் எவரிடமும் கேளுங்கள். இப்படிப்பட்ட காருக்குச் செம்மஞ்சள் பெயின்ட் அடித்து, பெருநாளைக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காலி வீதியில் இறங்குவது என்ன பெருமை? விடை எழுதாமல் கொப்பிக்கு அழகாக உறை போட்டுக்கொண்டு வரும் மாணவனுக்கு நான் புள்ளி போடுவதில்லை.

ஆகவே முதல் கார் எடுப்பவருக்கு என் ஒழுங்கு இது.

ஓடுகிற காரை வாங்குங்கள். பெட்டி பெட்டியாகக் கழற்றிய கார் மலிவாகக் கிடைக்கும். அதில் எது குறைகிறது என்று விற்றவருக்கே தெரியாது.

புத்தகத்தைப் பாருங்கள். சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஜப்பான் இன்ஜின் போட்டிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இடத்தைப் பாருங்கள். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் ஒரு வாகனத் தரிப்பிடமும், கொட்டாஞ்சேனையில் ஓட்டோவே திரும்பாத சந்தும் வைத்துக்கொண்டு காரை உரிக்காதீர்கள். கூரையுள்ள இடம் கிடைத்த பிறகு கார் தேடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. பிரேக், ஸ்டியரிங், சில்லுப் பக்கம், பிறகு கறளும் வெல்டிங்கும், பிறகு வயரிங், பிறகு இன்ஜின். பெயின்ட் கடைசி. கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பழைய பிரேக் தூசியை ஊதாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

கையில் உள்ள சல்லி முழுவதையும் காரை வாங்கவே கொடுத்துவிடாதீர்கள். பாதியாவது மிச்சம் இருக்கட்டும். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி விலை கேட்டு எழுதிய பட்டியல் கையில் இல்லாதவரிடம் இருப்பது ஆசை மட்டும்தான், திட்டம் இல்லை.

"சேர், இப்படிச் சொன்னால் ஒருத்தரும் தொடங்க மாட்டார்களே" என்பார்கள். தொடங்கட்டும். ஏலெவலில் விழுந்துவிட்டோம் என்று சுருண்டுகிடந்த பையன், ஒரு கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டி ஓடவைத்த அன்று நிமிர்ந்து நடந்ததைக் கண்டிருக்கிறேன். இந்த வேலை மனிதனை வளர்க்கும். ஆனால் அரைகுறையாக உரித்து, கடனில் மூழ்கி, கடைசியில் இரும்புக்கு நிறுத்து விற்ற கார் ஒருவரையும் வளர்க்காது. அந்தக் கார் இன்னொருவரிடம் போயிருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

பளபளப்பை லைக் பண்ணுகிறவர்கள் உங்கள் பிரேக்கை மிதிக்கப் போவதில்லை. அடுத்த முறை யாராவது பெயின்ட் அடித்த கார்ப் படம் போட்டால், கீழே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "மாஷா அல்லாஹ், அழகாக இருக்கு. சில்லைக் காட்டுங்கள் பார்ப்போம்?"