கோடையில் இத்தாலி: கல்விப் பயணமா, கடைச் சரக்கா?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்ததும், உரோமை, புளோரன்ஸ், சியன்னா ஆகிய இத்தாலிய நகரங்களின் தெருக்களில் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள இளையோர், தோளில் பையும் கையில் குறிப்பேடுமாக, ஆசிரியர் ஒருவருக்குப் பின்னால் நடந்து செல்வர். இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள். இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை நடைபெறும் கோடைக்காலப் படிப்புக்காக வந்திருப்பவர்கள். காலையில் இத்தாலிய மொழியும் கலை வரலாறும், மாலையில் அருங்காட்சியகமும் ஆலயங்களும், ஒரு நாள் சமையல் வகுப்பு, சனி ஞாயிறுகளில் வெனிஸ் அல்லது பொம்பெய் என்று நாள்கள் நிரம்பிவிடுகின்றன. கட்டணமோ பல ஆயிரம் டாலர். விமானச் செலவு பெரும்பாலும் தனி.

பிள்ளைகள் ஊர் உலகம் பார்ப்பது நல்லதுதானே, இதில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். நல்லதுதான். ஆயினும், யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், போன இடத்தில் யாரைச் சந்திக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கும்போது, இந்தக் கோடைப் பயணம் நம் காலத்துக் கல்வியைப் பற்றியே பல உண்மைகளைச் சொல்கிறது.

இரு வேறு மரபுகள்

இளையோர் இத்தாலிக்குப் படிக்கச் செல்வது புதிதல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், தங்கள் கல்வியின் நிறைவாக, ஓர் ஆசிரியரின் துணையோடு ஐரோப்பா முழுவதும் சுற்றிவந்தனர். 'பெரும் பயணம்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பயணத்தின் உச்சம் இத்தாலிதான். உரோமையின் இடிபாடுகளையும் புளோரன்ஸின் ஓவியங்களையும் கண்டு, சிலைகளையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பினர். இத்தாலி அவர்களுக்கு ஒரு காட்சிச்சாலை. அங்கு வாழ்ந்த மக்கள், அந்தக் காட்சியின் ஓரத்தில் நின்றவர்கள்.

இதற்கு நேர் எதிரான மற்றொரு மரபும் உண்டு. இரு உலகப் போர்களிலும் காயமுற்ற வீரர்களைச் சுமந்து சென்ற 'அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்' ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், போரின் கோரத்தைக் கண்ட பின்பு, 1947ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினர். ஒருவரையொருவர் அறிந்த பிள்ளைகள் நாளை ஒருவரையொருவர் சுடத் தயங்குவர் என்பதே அதன் அடிப்படை. அதன் இத்தாலியக் கிளையாக 1955ஆம் ஆண்டு உருவான 'இன்டர்குல்துரா' அமைப்பின் வழியே செல்லும் மாணவர், ஒரு குடும்பத்தில் பிள்ளையாகத் தங்கி, அவ்வூர்ப் பள்ளியிலேயே படிக்கின்றனர். அந்தக் குடும்பங்கள் அதற்காகப் பணம் பெறுவதில்லை.

இந்த இரண்டாம் மரபில் மறக்கக் கூடாத பெயர் சோஃபியா கொர்ராதி. 1957ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று திரும்பினார் இந்த இத்தாலிய மாணவி. அங்கே பெற்ற படிப்பை உரோமைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அந்த அவமானத்தை அவர் தன்னோடு முடித்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதியும் வாதாடியும் வந்தார். 1987ஆம் ஆண்டு ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. இதுவரை ஒரு கோடியே ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனால் பயன் பெற்றுள்ளனர். இப்போது பள்ளி மாணவருக்கும் அதில் இடமுண்டு. 'எராஸ்மஸ் அன்னை' என்று அழைக்கப்பட்ட கொர்ராதி 2025ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாயிருந்த அயல்நாட்டுப் படிப்பை மற்றவருக்கும் உரியதாக்க வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் வாதம்.

ஒன்று வாங்கிவரும் பயணம், மற்றொன்று பழகிவரும் பயணம். இன்றைய கோடைக்காலப் படிப்பு இவற்றில் எதன் வாரிசு?

விண்ணப்பத்தில் ஒரு வரி

பல பெற்றோர் இத்தனை ஆயிரம் டாலரைச் செலவிடுவதற்கு ஒரு காரணம், கல்லூரி நுழைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மாணவர் பள்ளிக்கு வெளியே என்ன செய்தார் என்றும் பார்க்கின்றன. எனவே, 'புளோரன்ஸில் மறுமலர்ச்சிக் கலை பயின்றேன்' என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் அழகாக அமரும் என்று நம்புகின்றனர். இந்த நம்பிக்கையை வைத்தே பல நிறுவனங்கள் வாணிபம் நடத்துகின்றன.

ஆனால் இந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித்துறை 2016ஆம் ஆண்டு சனவரியில் கல்லூரி நுழைவு முறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பல கல்லூரிகளின் நுழைவு அலுவலர்கள் அதற்கு ஆதரவளித்தனர். பெரும் பணம் செலவிட்டுத் தொலைதூர நாடுகளில் செய்யும் குறுகிய காலச் சேவைப் பயணங்களைவிட, தன் ஊரிலேயே நீண்ட காலம் பிறரோடு சேர்ந்து உழைப்பதும், தம்பி தங்கையரைக் கவனித்துக்கொள்வதும், குடும்பத்திற்காக வேலைக்குப் போவதும் மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, விண்ணப்பத்தை அழகுபடுத்தவே இத்தாலி என்றால், அந்தக் கணக்கும் சரியாக வருவதில்லை.

வேறொரு கணக்கையும் பார்ப்போம். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவருக்கும், எந்த நாட்டவராயினும், நுழைவுக் கட்டணம் இல்லை. புளோரன்ஸின் உஃபீட்சி அரும்பொருளகமும், உரோமையின் கொலோசியமும் பதினாறு வயது மாணவருக்கு இலவசம். பத்து யூரோ தங்கும் இடத்தில் இருப்பவரும், பெரிய விடுதியில் இருப்பவரும் போத்திச்செல்லியின் ஓவியத்தின் முன் ஒன்றுதான். அந்த வாசல் வரை வந்து சேர்வதற்குத்தான் பணம் தேவைப்படுகிறது.

மூடிய பள்ளிகளின் மாதம்

இத்திட்டங்களில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு குறை உண்டு. இத்தாலியப் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும். செப்டம்பர் நடுவில்தான் மீண்டும் திறக்கும். இறுதியாண்டு மாணவர் மட்டும் ஜூன் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் 'மத்தூரித்தா' தேர்வுக்காக வீட்டுக்குள் புத்தகத்தோடு இருப்பர். மற்றவர் கடற்கரைக்கோ, பாட்டி வீட்டுக்கோ சென்றிருப்பர். ஆகஸ்டு 15, அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவை ஒட்டி, நகரங்களில் கடைகளே பல மூடிக்கிடக்கும். இந்த மாதங்களில் இத்தாலிக்கு வரும் அயல்நாட்டு மாணவர், தன் வயதுடைய ஓர் இத்தாலியரோடு ஒரே பெஞ்சில் உட்கார வழியே இல்லை. தன் நாட்டவரோடு வந்து, தன் நாட்டவரோடு தங்கி, தன் மொழியிலேயே பேசிச் சிரித்துத் திரும்பிவிடலாம். ஒரு நாட்டைப் படிக்க வந்தவர், அந்த நாட்டவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வருகிறார் என்பதுதான் உண்மை நிலை.

வெயிலும் இப்போது முன்போல் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று உரோமையில் வெப்பம் 41.8 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் இளையோரைப் பழைய நகரின் கற்களின்மேல் நடத்திச் செல்வது, பாடமா, சோதனையா என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்தோம்பும் ஊரின் நிலை என்ன? வெனிஸின் பழைய நகரில் 1950களில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டு அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கியது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், குறிப்பிட்ட சில நாள்களில் பகல் நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினர். 2025ஆம் ஆண்டு, முன்பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் வருவோருக்கு அது 10 யூரோவானது. பதினான்கு வயது நிறைந்த மாணவரும் இதைச் செலுத்த வேண்டும். புளோரன்ஸ் நகராட்சியோ, பழைய நகரில் புதிதாகக் குறுகிய கால வாடகை வீடுகள் தொடங்குவதை 2023ஆம் ஆண்டு தடை செய்தது. வந்து போவோருக்கு வீடுகள் கிடைக்கின்றன, ஊரில் பிறந்தவருக்குக் கிடைப்பதில்லை என்பதே அங்குள்ளோரின் குறை.

2023 ஜூலையில் பதினேழு வயதுப் பயணிகள் இருவர், சில நாள் இடைவெளியில், கொலோசியத்தின் சுவரைக் கீறியபோது பிடிபட்டனர். 2024 சனவரியில் வந்த சட்டம், இத்தகைய சேதத்திற்கு 60,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறது. அபராதம் தேவைதான். ஆயினும், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சுவரை, தன் பெயர் எழுதும் பலகையாக ஓர் இளம் உள்ளம் பார்க்கிறதென்றால், அது சட்டத்தால் மட்டும் தீரும் நோயல்ல. இடங்களைச் சேகரிக்கக் கற்றுக்கொடுத்த நாம், இடங்களுக்கு முன் பணிந்து நிற்கக் கற்றுக்கொடுத்தோமா?

காணாமல் விடப்படும் மாணவர்கள்

இத்தாலியப் பள்ளிகளில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் இத்தாலியிலேயே பிறந்தவர்கள். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை தொடர்ந்து அங்கே வாழ்ந்திருந்தால், அதன் பின் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வளர்ந்தவர்கள் குடியுரிமை கேட்பதற்கு முன் வாழ வேண்டிய காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025ஆம் ஆண்டு ஜூன் 8, 9 நாள்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அவர்கள் குடிமக்களானால் உடன் வாழும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த உரிமை கிட்டும். வாக்காளரில் பாதிப் பேர்கூட வராததால் அது செல்லாமல் போயிற்று.

இவர்களில் நம் உறவுகளும் உண்டு. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். கத்தோலிக்கரும் இந்துக்களும் சேர்ந்து, நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குப் பெல்லெக்ரீனோ மலைமீது ஏறிச்செல்வது அங்கு எல்லாரும் அறிந்த காட்சி. வீட்டில் தமிழும், பள்ளியில் இத்தாலியமும், தெருவில் சிசிலியமும் பேசி வளரும் அந்தப் பிள்ளைகள், அயல்நாட்டுப் படிப்பு என்றால் என்னவென்று எந்தக் கட்டணமும் இன்றி நாள்தோறும் கற்கிறார்கள். ஆறு வாரம் இத்தாலியம் பயின்ற மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. மூன்று மொழியில் வாழும் மாணவரிடம், நீ எந்த நாட்டவன் என்று கேள்வி கேட்கப்படுகிறது. இரண்டு இளையோரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்து போயும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது.

பர்பியானா காட்டும் வழி

வேறு வழி உண்டா? உண்டு. அதையும் இத்தாலியே காட்டியிருக்கிறது. புளோரன்ஸ் மறைமாவட்டத்தின் அருள்பணியாளர் லொரென்சோ மிலானி, 1954ஆம் ஆண்டு டிசம்பரில் முஜெல்லோ பகுதியின் பர்பியானா என்ற மலைச் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். பள்ளிகளால் கைவிடப்பட்ட குடியானவர் பிள்ளைகளுக்கு அவர் அங்கே ஒரு பள்ளி நடத்தினார். 'எனக்கு அக்கறை உண்டு' என்ற பொருள்படும் 'ஐ கேர்' என்ற ஆங்கிலச் சொற்கள் அதன் சுவரில் எழுதப்பட்டிருந்தன. ஏழைகளுக்கு மொழிதான் விடுதலை என்று நம்பிய மிலானி, கோடையில் தம் மாணவரை இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் சுற்றுலாப் பயணிகளாகப் போகவில்லை. அங்கே வேலை செய்து, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, வேலைத்தளத்திலேயே மொழி கற்றுத் திரும்பினர். கற்றதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். 1967ஆம் ஆண்டு மே மாதம், அவரது மாணவர் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் வெளிவந்து இத்தாலியக் கல்வி உலகையே உலுக்கியது. அடுத்த மாதமே, 44 வயதில், மிலானி இறந்தார். 2017ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்குச் சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

அண்மையிலும் ஒரு சான்று கண்டோம். 2025ஆம் ஆண்டு யூபிலியின்போது, ஜூலை 28 முதல் ஆகஸ்டு 3 வரை உலகெங்குமிருந்து இளையோர் உரோமையில் கூடினர். பள்ளிக்கூடங்களிலும் பங்கு அரங்குகளிலும் தரையில் படுத்து உறங்கினர். தோர் வெர்காத்தா திடலில் திருத்தந்தை பதினான்காம் லியோவுடன் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இரவு விழித்திருந்தனர். ஒரே தண்ணீர்க் குழாயின் முன் வரிசையில் நின்றபோது ஏற்பட்ட பழக்கத்தை எந்தக் கட்டணத் திட்டமும் விற்க முடியாது.

எனவே, கோடைக்காலப் படிப்பே வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. பதினாறு வயதில் வேற்று மொழியில் ஒரு பேருந்துச் சீட்டுக் கேட்கத் தடுமாறுவது மிகப் பெரிய பாடம். பிறர் வீட்டு வாசலில் 'பெர்மெஸ்ஸோ', அதாவது 'உள்ளே வரலாமா' என்று கேட்டபின் காலடி வைக்கும் இத்தாலிய வழக்கத்தைக் கற்பதும் பாடமே. தன் நாட்டில் வேற்று மொழிக்காரர் ஒருவர் தடுமாறும்போது பொறுமையோடு நிற்கும் மனம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த மனம் பிறக்கும்படி திட்டம் அமைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே, பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோரும், ஏற்பாடு செய்யும் பள்ளிகளும் சிலவற்றைக் கேட்கட்டும். மாணவர் விடுதியில் தங்குவாரா, குடும்பத்திலா? ஐந்து நகரங்களைப் பார்ப்பாரா, ஒரே ஊரில் நிலைத்திருப்பாரா? தன் வயதுடைய எத்தனை உள்ளூர் இளையோரோடு பேசுவார்? பணமில்லாத மாணவருக்கு எத்தனை இடங்கள்? நம் பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஊரிலிருந்து ஒரு பிள்ளையை நம் வீட்டில் ஏற்க நாம் தயாரா?

அன்பு வாசகர்களே, இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்வது கடினம். விருந்தினராகப் போவதற்கு நம் பிள்ளைகளுக்கு எளிதாகக் கற்றுக்கொடுக்கிறோம். விருந்தினரை ஏற்பதற்கும் கற்றுக்கொடுத்தால், அந்தக் கல்விக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் தெருவிலேயே, நம் மொழி தெரியாமல் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை, பேச ஆளின்றி இந்தக் கோடையைக் கழித்துக்கொண்டிருக்கக்கூடும்.