தொகுக்கும் கைகளுக்கும் பரிசு வேண்டும்



பள்ளி விளையாட்டுப் போட்டியைக் கைப்பேசியில் படம்பிடித்து, வேண்டாதவற்றை வெட்டி, இசை சேர்த்து, இரண்டு நிமிடக் காணொளியாக்கும் பிள்ளைகள் இன்று பலர். நாம் அதனைப் பொழுதுபோக்கு என்கிறோம். உண்மையில் அது படத்தொகுப்பு என்னும் தொழிலின் முதற்படியாகும். அப்படியில் நிற்கும் மாணவரை நாம் கண்டுகொள்கிறோமா?

மாணவர் குறும்படப் போட்டிகளில் பெரும்பாலும் படத்திற்கே பரிசு, மேடையேறுபவர் இயக்குநர். ஆஸ்கார் விருதை வழங்கும் அமெரிக்கத் திரைக்கழகம் மாணவர்களுக்கும் 1970களிலிருந்து விருதளித்து வருகிறது. அங்கும் கதைப்படம், ஆவணப்படம், அசைவூட்டப்படம் போன்ற பிரிவுகளே உள்ளன. படத்தொகுப்புக்கெனத் தனிப்பிரிவு இல்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. முடிந்த படத்தைப் பார்க்கும் நடுவருக்குத் தொகுத்தவரின் பங்கைப் பிரித்தறிவது கடினம். அவர் எவற்றை நீக்கினார் என்பது திரையில் தெரியாதல்லவா?

இச்சிக்கலுக்கு நல்ல தீர்வு கண்டது, 1950இல் தோன்றிய ஏ.சி.இ. என்னும் அமெரிக்கப் படத்தொகுப்பாளர் சங்கம். அது கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் போட்டியில் அனைவருக்கும் ஒரே மூலக் காட்சிகள் வழங்கப்படும். விலையுயர்ந்த கருவி, நல்ல நடிகர் என்ற வேறுபாடெல்லாம் அங்கே மறைந்துவிடும். எஞ்சுவது தொகுப்பவரின் தீர்ப்பு மட்டுமே. வெற்றியாளரின் பெயர் தொழில்முறைக் கலைஞர்கள் கூடும் எடி விருது விழாவிலேயே அறிவிக்கப்படுகிறது.

அம்மாணவர் விருது ஆன் வி. கோட்ஸ் பெயரைத் தாங்கியுள்ளது. செவிலியராகப் பணியாற்றிய பின்னரே திரைத்துறைக்கு வந்தவர் அவர். 1962இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்திற்காக ஆஸ்கார் பெற்றார். அப்படத்தில் எரியும் தீக்குச்சி ஊதி அணைக்கப்படும். மறுநொடியே பாலைவனத்தில் கதிரவன் எழும். இரு காட்சிகளையும் எடுத்தவர் வேறு. அவை ஒட்டிய இடத்தில் பிறந்த வியப்பு தொகுப்பினுடையது.

'இதனால் பிழைப்பு நடக்குமா?' என்று பெற்றோர் வினவுவது நியாயமே. விருது வேலையாகிவிடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பணியும் இரவு நேர உழைப்பும் இத்துறையில் இயல்பு. இளையோர் பெரும்பாலும் உதவித் தொகுப்பாளராகவே தொடங்குவர். காட்சிகளை வகைப்படுத்துதல், ஒலியைப் படத்தோடு பொருத்துதல் ஆகியவை அவர்தம் பணி. ஆயினும் வாய்ப்பு திரைப்படத்தோடு முடிவதில்லை. தொலைக்காட்சிச் செய்தி, நாடகம், விளம்பரம், ஆவணப்படம், கல்விக் காணொளி என அனைத்திற்கும் தொகுப்பாளர் தேவை. டாவின்சி ரிசால்வ் போன்ற தொழில்முறை மென்பொருளின் இலவசப் பதிப்பே பழகுவதற்குப் போதுமானது.

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திற்காக இந்தியத் தேசிய விருது பெற்ற ஸ்ரீகர் பிரசாத் இலக்கியம் பயின்றவர். மொழியாசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். வாக்கியங்களை நிரல்படுத்துதல், தொடர்படத்தைக் கொண்டு கதை எழுதுதல், மிகையானதை நீக்கிச் சுருக்கி வரைதல் ஆகியவற்றை நாம் அன்றாடம் கற்பிக்கிறோம். இவை யாவும் தொகுப்புக் கலையின் அடிப்படைகளே.

ஆகவே, பள்ளிகளில் காணொளிப் போட்டி நடத்துவோர் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். பள்ளி நிகழ்வொன்றின் பத்து நிமிடக் காட்சிகளை எல்லாக் குழுவினருக்கும் கொடுத்து, இரண்டு நிமிடமாகத் தொகுக்கச் சொல்லுங்கள். எதை ஏன் நீக்கினர் என்பதையும் கேளுங்கள். புதிய செலவு ஏதுமில்லை. நல்ல கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் பள்ளிக் கணினியில் சம நிலையில் போட்டியிடலாம்.

மேடையில் பேசும் பிள்ளைக்கும் பாடும் பிள்ளைக்கும் நாம் கோப்பை வழங்குகிறோம். திரைக்குப் பின்னால் பொறுமையுடன் அமர்ந்து தொகுக்கும் பிள்ளைக்கும் ஒரு கோப்பை ஒதுக்குவோமா?