கடிவாளம் யார் கையில்?



கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் ஆங்கிலக் கடிதமொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடம் வந்தான். சக மாணவனோடு நேர்ந்த வாய்ச்சண்டைக்கு நிர்வாகம் அவனிடம் விளக்கம் கேட்டிருந்தது. 'கோபம் மூண்டபோதும் அவன்மீது கை நீட்டாமல் இருந்துகொண்டேன்' என்பதே அவன் சொல்ல விரும்பியது. ஆனால் 'ரிப்ரெயின்' என்னும் வினை வரவேண்டிய இடத்தில் 'ரிஸ்ட்ரெயின்' என்பதை இட்டு, 'அவனை' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டான். 'அவனைத் தடுத்துப் பிடித்து வைத்தேன்' என்று பொருள் மாறிவிட்டது. குற்றமற்றவன் என்று காட்ட எழுதிய கடிதமே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாயிற்று!

ஓசையில் நெருங்கிய இவ்விரு சொற்களும் வேரில் வேறானவை. 'ரிப்ரெயின்' என்பது கடிவாளத்தைக் குறிக்கும் 'பிரேனும்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. செய்ய எழும் ஒன்றைச் செய்யாமல் ஒருவன் தானே நின்றுகொள்வதை அது உணர்த்தும். 'ரிஸ்ட்ரெயின்' என்பதோ இறுகக் கட்டுதலைக் குறிக்கும் 'ஸ்திரிங்கெரே' என்பதிலிருந்து பிறந்தது. அதற்குச் செயப்படுபொருள் வேண்டும். பிறரையும் தடுக்கலாம், தன் சினத்தையும் தடுக்கலாம். தமிழில் அடங்குதல், அடக்குதல் என்னும் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

சட்டம் இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு, செல்ல உரிமையுள்ள திசையில் ஒருவர் செல்லவிடாமல் வேண்டுமென்றே தடுப்பதைக் குற்றம் என்கிறது. அங்கு ஆளப்படும் சொல் 'ரிஸ்ட்ரெயின்' என்பதே. ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓர் எல்லையைத் தாண்ட முடியாதபடி அடைத்துவைப்பது 'கன்பைன்'. 127-ஆம் பிரிவின்படி அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வழிமறிப்பது வேறு, அறையில் பூட்டுவது வேறு அல்லவா?

'அப்ஸ்டெயின்' என்பது மற்றொரு சொல். ஒரு பொருளினின்றும் செயலினின்றும் தீர்மானித்து விலகி நிற்பதே அதன் கருத்து. இறைச்சி விலக்கி நாம் அனுசரிக்கும் சுத்தபோசனத்திற்கு ஆங்கிலப் பெயரும் இவ்வினையும் ஒரே வேரிலிருந்து வந்தவையே. வாக்களிப்பில் எப்பக்கமும் சேராதிருப்பதையும் இதுவே குறிக்கும். 2011 மார்ச் 17-ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் லிபியா பற்றிய தீர்மானத்தை 10 நாடுகள் ஆதரித்தன. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. எதிர்த்து வாக்களிப்பதும் விலகி நிற்பதும் ஒன்றல்ல. நிரந்தர உறுப்பு நாடொன்று எதிர்த்து வாக்களித்திருந்தால் அத்தீர்மானமே வீழ்ந்திருக்கும்.

இளைஞன் அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தி எழுதினான். பின்பு தயங்கியவாறே, "சாமி, உண்மையில் நானாக அடங்கவில்லை, நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்" என்றான். அப்படியானால் 'ரிஸ்ட்ரெயின்' என்பதே உரிய சொல். ஆனால் தடுக்கப்பட்டவன் அவனே! அதையே எழுதுமாறு கூறினேன். எழுதினான்.

பெற்றோரே, பிள்ளைகளைச் சில காலம் நாம் அடக்கி வைக்கலாம். அவர்கள் தாமே அடங்கக் கற்கும் நாளில்தான் நம் வேலை முடிகிறது. கடிவாளம் அதுவரை நம் கையில். அதன்பின் அவர்கள் கையில்.